முதல் மாயாஜாலப் படம்: வாளும் மந்திரமும் பார்க்கத் தொடங்குபவருக்கு முழு வழிகாட்டி

ஏப்ரல் 15 வந்தால் எங்கள் பக்கம் விசைப்படகெல்லாம் கரையில் வரிசைகட்டி நின்றுவிடும். ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பகலில் வலையைச் சரிபார்ப்பது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது, இன்ஜினைப் பிரித்துப் போடுவது என்று வேலை ஓடும். சாயங்காலம் ஆனால் வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். வருசத்தில் வேறு எந்த மாதத்திலும் இப்படி வாய்க்காது.

போன தடைக்காலத்தில் என் அக்கா மகள் வந்து கேட்டாள். "மாமா, கத்திச் சண்டையும் மந்திரமும் வர்ற இங்கிலீஷ் படமெல்லாம் பார்க்கணும்னு ரொம்ப ஆசையா இருக்கு. ரெண்டு தடவை ஆரம்பிச்சுப் பாதியில விட்டுட்டேன். யாரு யாருன்னே புரியல."

அவளுக்குச் சொன்னதையும், அதற்கப்புறம் நாங்கள் வீட்டோடு உட்கார்ந்து பார்த்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். பாம்பன், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கடலோரத்தில் வளர்ந்த எவருக்கும் இந்தப் படங்கள் அந்நியமே இல்லை. பார்க்கும் விதம் மட்டும் பிடிபட வேண்டும். அந்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரிய பொய்யை மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொள்ளுங்கள், சின்ன உண்மைகளை ஒன்று விடாமல் கவனியுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இதைச் செய்வதற்கான வழிகள்தான்.

படி 1: இது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊரில் இதற்கு ஏற்கெனவே பெயர் உண்டு, மாயாஜாலப் படம். இங்கிலீஷில் 'ஸ்வார்ட் அண்ட் சோர்சரி' என்பார்கள், வாளும் சூனியமும். 1961-ல் ஃபிரிட்ஸ் லைபர் என்ற எழுத்தாளர் வைத்த பெயர் அது. கதைகள் அதற்கும் முந்தியவை. ராபர்ட் ஈ. ஹோவர்டின் கோனன் 1932 டிசம்பரிலேயே ஓர் அமெரிக்க மலிவுப் பத்திரிகையில் வாளோடு வந்து நின்றுவிட்டான்.

காவியம் மாதிரி நீளும் படங்கள் வேறு. அதில் உலகமே அழியப் போகும், பத்து இனங்கள் வரும், கையில் வரைபடம் இல்லாமல் கதை புரியாது. வாளும் மந்திரமும் வகையில் கதை சின்னது. ஒரு திருடன், அல்லது கூலிக்குச் சண்டை போடுகிறவன், அல்லது ஒரு மாலுமி. அவனுக்கு ஒரு வஞ்சம் இருக்கும், இல்லாவிட்டால் காப்பாற்ற ஓர் ஆள் இருக்கும், சில சமயம் வெறும் பசி. அவன் கையில் வாள். மந்திரம் பெரும்பாலும் எதிரியிடம்தான். அக்கா மகள் இரண்டு தடவை பாதியில் விட்டது மூன்று மணி நேரக் காவியம் ஒன்றை. தப்பு அவளுடையது இல்லை, தொடங்கிய இடம் சரியில்லை.

ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு மரப்பொந்தில் இருக்கும் கிளிக்குள் மந்திரவாதியின் உயிர் இருக்கிறது என்று அப்பத்தா சொல்லக் கேட்டவர்கள் நாம். அந்தக் கிளி எப்படி அங்கே போனது என்று யாரும் கேட்டதில்லை. கிளியைப் பிடிக்க எந்த வழியாகப் போனான், வழியில் எதைத் தின்றான் என்றுதான் கேட்டோம். படத்தையும் அப்படியே பாருங்கள்.

படி 2: படத்தைத் தேர்ந்தெடுங்கள்

என் யோசனை, நம் மொழிப் படத்தில் தொடங்குங்கள். 1951-ல் விஜயா புரொடக்‌ஷன்ஸ் எடுத்த 'பாதாள பைரவி' தமிழிலும் தெலுங்கிலும் வந்த படம், கே.வி. ரெட்டி இயக்கியது. இளவரசிமேல் ஆசைப்படும் ஒரு சாதாரண வீட்டுப் பையன், அவனைப் பலி கொடுத்து வரம் வாங்க நினைக்கும் மந்திரவாதி. எஸ்.வி. ரங்கா ராவ் அந்த மந்திரவாதியாக நடப்பதையும் சிரிப்பதையும் பார்த்தாலே போதும், இந்த வகையின் வில்லன் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். படம் மூன்று மணி நேரத்துக்கும் மேல். ஒரே இரவில் முடிக்க வேண்டாம். இரண்டு இரவாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 1958-ல் வந்த 'சிந்துபாத்தின் ஏழாவது பயணம்'. ஒன்றரை மணி நேரம்தான். ஒரு மந்திரவாதி இளவரசியைக் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறியவளாக்கிவிடுகிறான், அவளை மீட்க சிந்துபாத் ஒரு தீவுக்குக் கப்பல் ஏறுகிறான். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? தினத்தந்தியில் 1960-லிருந்து வரும் 'கன்னித்தீவு' படித்தவர்களுக்கு சிந்துபாத்தும் சின்ன இளவரசியும் மந்திரவாதியும் பக்கத்து வீட்டுக்காரர்கள். டீக்கடையில் பேப்பர் வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத் திருப்பிய கை எங்கள் அப்பாவுடையது. அவருக்கு இந்தப் படத்தை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஆயிரத்தொரு இரவுகள் கதையில் சிந்துபாத் தன் ஆறாவது பயணத்தில் கரையேறும் இடம் செரந்தீவு, அதாவது இலங்கை. தனுஷ்கோடி முனையில் நின்றால் அந்தக் கரை முப்பது கிலோமீட்டருக்குள்தான். அவன் கதையை நம் கடல் கதை என்று உரிமையோடு சொல்லலாம்.

மூன்றாவதாக 1982-ல் ஜான் மிலியஸ் இயக்கிய 'கோனன் தி பார்பேரியன்'. இந்த வகையின் முழு முகமும் தெரிய இதைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் ரத்தமும் நிர்வாணமும் உள்ள படம், பெரியவர்களுக்கு மட்டும். பிள்ளைகள் தூங்கியபின் பாருங்கள். தொடக்கத்தில் வசனம் மிகக் குறைவு, பேசில் போலடூரிஸின் இசைதான் கதை சொல்லும். பேச்சே இல்லையே என்று அணைத்துவிடாதீர்கள்.

படி 3: நேரம், இடம், ஆட்கள்

இருட்டிய பிறகு பாருங்கள். இந்தப் படங்களில் பாதிக் காட்சி குகையிலும் கோட்டையின் அடித்தளத்திலும் நடக்கும். பகல் வெளிச்சம் ஜன்னல் வழியாக விழுந்தால் திரை வெறும் கறுப்பாகத் தெரியும். மே மாதம் கச்சான் காற்று அடிக்கும்போது மொட்டைமாடியில் வேட்டியைக் கட்டித் திரையாக்கும் வேலை வேண்டாம். நாங்கள் செய்து பார்த்தோம். ராட்சசன் முகம் வயிற்றுக்கு வந்துவிட்டது. வீட்டுக்குள்ளேயே, மின்விசிறிச் சத்தத்தை மிஞ்சுகிற ஒலியோடு பாருங்கள்.

தமிழ் டப்பிங்கா, சப்டைட்டிலா? பெரியவர்களோடு பார்த்தால் டப்பிங். தனியாகப் பார்த்தால் மூலக் குரலும் சப்டைட்டிலும். மந்திரம் சொல்லும் குரலுக்கு ஒரு எடை உண்டு, டப்பிங்கில் அது பல நேரம் லேசாகிவிடுகிறது. ஆனால் எழுத்துப் படிக்கத் திணறும் அப்பத்தாவை உட்கார வைத்துக்கொண்டு சப்டைட்டில் போடுவது நியாயம் இல்லை.

கரண்டையும் யோசித்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் வீடியோ கேசட் போடும் டெக் வாடகைக்கு எடுத்து நான் பார்த்த முதல் மாயாஜாலப் படத்தில், வாளைப் பாறையிலிருந்து இழுக்கப் போகும் நேரம் கரண்ட் போனது. வந்தபோது மணி இரண்டு, டெக்கைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. அந்த வாள் வந்ததா இல்லையா என்று வருசக்கணக்கில் தெரியாமல் இருந்தேன். லேப்டாப்பில் சார்ஜ் ஏற்றிவைத்துக்கொள்ளுங்கள்.

கொறிக்க? தடைக்காலமும் நுங்குக் காலமும் ஒன்றாகவே வரும். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

படி 4: முதல் இருபது நிமிடம்

நிறுத்தாமல் பாருங்கள். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். இந்த இருபது நிமிடத்தில்தான் படம் தன் சட்டத்தைச் சொல்லும். மனதில் மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு பாருங்கள். இந்த உலகத்தில் மந்திரம் யார் கையில் இருக்கிறது? அதனால் எது முடியும், எது முடியாது? அதைச் செய்தவனுக்கு என்ன கேடு?

பெயர்களை மனப்பாடம் பண்ண வேண்டாம். அக்கா மகள் செய்த தப்பு அதுதான், ஒவ்வொரு ராஜ்யத்தின் பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். முகத்தையும் ஆயுதத்தையும் நினைவில் வையுங்கள். "பாம்பு வளையம் போட்டவன்", "ஒற்றைக் கண்ணன்", "விளக்கு வச்சிருக்கிறவன்" என்று நீங்களே பெயர் வையுங்கள். எங்கள் அப்பத்தா அப்படித்தான் பார்த்தாள். அவளுக்கு ஓர் ஆள்கூடக் குழம்பவில்லை.

படி 5: வாளைப் பார்ப்பது

இதில் கொஞ்ச நேரம் நிற்கிறேன், எனக்குப் பிடித்த இடம் இது.

ஒரு கையால் வீசும் பழைய ஐரோப்பிய வாள் பெரும்பாலும் ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோவுக்குள்தான் இருக்கும். படத்தில் இரண்டு ஆள் சேர்ந்து தூக்குவதைப் பார்த்து அதை இரும்புத் தூண் என்று நினைக்க வேண்டாம். ஆனால் லேசு என்றும் நினைக்க வேண்டாம். ஒன்றரைக் கிலோ சீலா மீனை வாலைப் பிடித்து, கையை முழுதாக நீட்டி, நூறு எண்ணும்வரை வைத்துப் பாருங்கள். தோள் எப்படி எரிகிறது என்று தெரியும். அந்தத் தோளோடு போய்ப் படத்தைப் பாருங்கள். நடிகர் பத்தாவது வீச்சிலும் முதல் வீச்சைப் போலவே வீசினால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

உறையிலிருந்து வாளை உருவும்போது 'ஷிங்' என்று ஒரு சத்தம் வரும். அது ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ப்பது. மரத்திலும் தோலிலும் செய்த உறையிலிருந்து வாள் ஏறக்குறைய சத்தமில்லாமல்தான் வரும். அதேபோல வாளின் நடுவில் ஓடும் பள்ளத்தை ரத்தம் வடிவதற்கு என்பார்கள். அது எடையைக் குறைப்பதற்கு.

சண்டையில் வாளைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். இதை எனக்குச் சொன்னது அப்பா. இளவயதில் சிலம்பம் பழகியவர். "கம்பு பொய் சொல்லும், காலு சொல்லாது" என்பார். நல்ல சண்டைக் காட்சியில் கால் முதலில் நகரும், இடுப்பு திரும்பும், அப்புறம்தான் வாள் வரும். அவசரமாக எடுத்த படத்தில் கேமரா நெஞ்சுக்கு மேலேயே நிற்கும், காட்சி அரை நொடிக்கு ஒருமுறை வெட்டுப்படும். காலைக் காட்டாத சண்டையை நான் நம்புவதில்லை.

இப்போது சிந்துபாத் படத்தின் எலும்புக்கூட்டுச் சண்டைக்கு வருகிறேன். குகைக்குள் மந்திரவாதி ஓர் எலும்புக்கூட்டுக்கு உயிர் கொடுக்கிறான். அது வாளும் கேடயமுமாக சிந்துபாத்தை எதிர்க்கிறது. கம்ப்யூட்டரில் இப்படி உருவங்களை அசைக்க முடியாத காலம். ரே ஹாரிஹவுசன் என்ற ஒரே கலைஞர் ஒரு சின்னப் பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு படம் எடுத்துச் செய்தது. ஒரு நொடிக்கு 24 படம். ஒரு நிமிடத்துக்கு 1,440. நடிகர் கெர்வின் மாத்யூஸ் முதலில் ஒரு வாள் ஆசிரியரோடு பயிற்சி எடுத்தார். அப்புறம் எதிரில் ஆளே இல்லாமல், வெறும் காற்றோடு அதே அடிகளைப் போட்டார். அந்தக் காற்றில் பின்னால் பொம்மையைச் சேர்த்தார்கள். மாத்யூஸின் கண்ணைக் கவனியுங்கள். இல்லாத எலும்புக்கூட்டின் முகம் எந்த உயரத்தில் இருக்கிறதோ சரியாக அங்கே பார்ப்பார். இசையையும் விடாதீர்கள். பெர்னார்ட் ஹெர்மன் அங்கே சைலஃபோனைத் தட்டவைத்திருப்பார், எலும்போடு எலும்பு உரசுவது போலவே கேட்கும்.

இதே ஹாரிஹவுசன் 1963-ல் இன்னொரு படத்துக்காக ஏழு எலும்புக்கூடுகளை ஒன்றாகச் சண்டை போடவைத்தார். சில நிமிடக் காட்சிக்கு நாலரை மாதம் ஆனது.

முடிந்தால் படம் பார்ப்பதற்கு முன் ஒருநாள் ராமநாதபுரம் அரண்மனைக்குப் போய் ராமலிங்க விலாசத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். சேதுபதிகள் தஞ்சை மராட்டியரோடு போரிட்ட காட்சியைச் சுவரில் ஓவியமாக வரைந்திருக்கிறார்கள். ஒரே சுவரில் குதிரை, யானை, வாள், ஈட்டி எல்லாம் நெரிசலாக இருக்கும். கூட்டத்தில் சண்டை எப்படி நடக்கும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. நம் மண்ணின் வளரியையும் நினைத்துக்கொள்ளுங்கள். எறிந்து தாக்கும் அந்த வளைந்த ஆயுதம் எந்தக் கற்பனைப் படத்தின் ஆயுதத்துக்கும் இளைத்தது இல்லை.

படி 6: மந்திரத்துக்கு என்ன கூலி

நல்ல மாயாஜாலக் கதையில் மந்திரம் சும்மா கிடைக்காது. செய்கிறவன் எதையாவது கொடுக்க வேண்டும். வயதை, கண்ணை, நிழலை, பிள்ளையை. 'பாதாள பைரவி'யின் மந்திரவாதி வரம் கேட்டால் தேவி பலி கேட்கிறாள். கதையின் முழு இயக்கமும் அந்த ஒரு கணக்கிலிருந்தே பிறக்கிறது.

மந்திரத்துக்குக் கூலியே இல்லாத படத்தில் எனக்கு அரை மணி நேரத்தில் ஆர்வம் போய்விடும். கையை நீட்டினால் மின்னல் வரும், மறுபடி நீட்டினால் மறுபடி வரும். எதுவும் குறையவில்லை என்றால் எதற்காகப் பயப்படுவது? ஆகவே ஒவ்வொரு மந்திரக் காட்சி முடிந்ததும், இதனால் அவனுக்கு என்ன போயிற்று என்று கேளுங்கள். படம் பதில் வைத்திருந்தால் அது நல்ல படம்.

படி 7: கப்பலும் காற்றும் கயிறும்

கடலோரத்துக்காரர்களுக்கு மட்டும் வாய்த்த படி இது. ஒருநாள் ஒரு படத்தில் பாய்மரக் கப்பல் புயலில் மாட்டும் காட்சி. கடலுக்குள்ளிருந்து ஒரு பெரிய பாம்பு தலையைத் தூக்குகிறது. அப்பா அதுவரை ஒன்றும் பேசாமல், மடியில் வலையைப் போட்டுக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை நிறுத்திவிட்டுச் சொன்னார். "பாய் கிழக்க உப்பியிருக்கு, கொடி மேற்க பறக்குது. எந்தக் காத்துடா இது?"

நிறுத்திப் பின்னால் ஓட்டிப் பார்த்தோம். அவர் சொன்னது சரி. பாம்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாம்பு கதைக்காரனின் உரிமை. காற்றும் கயிறும் அப்படி இல்லை. ஆயிரம் தலைப் பாம்பை நம்பவைக்க வேண்டும் என்றால் அது நனைக்கும் கயிறு கனக்க வேண்டும், தளத்தில் தண்ணீர் ஓடினால் ஆள் வழுக்க வேண்டும், நங்கூரம் இழுக்க மூச்சு வாங்க வேண்டும். இதையெல்லாம் நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அந்த அறிவோடு பாருங்கள். சரியாகச் செய்திருந்தால் வாய்விட்டுப் பாராட்டுங்கள்.

இந்த வகைப் படத்தில் பாழடைந்த நகரம் ஒன்று கட்டாயம் வரும். அந்த நேரம் எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனதை அப்பத்தா நேரில் பார்த்த தலைமுறை. மணலில் நிற்கும் தேவாலயச் சுவரை நாங்கள் எல்லோரும் தொட்டிருக்கிறோம். திரையில் மணல் மூடிய தூணைப் பார்த்ததும் அக்கா மகள் மெதுவாக, "இங்கயும் ஆளுங்க இருந்திருப்பாங்கள்ல மாமா?" என்றாள். படம் எடுத்தவர்கள் யோசித்தார்களோ இல்லையோ, அவள் யோசித்தாள்.

படி 8: பிள்ளைகளும் பெரியவர்களும்

பிள்ளைகள் பயந்தால் படத்தை நிறுத்தி, அந்த ராட்சசனை எப்படிச் செய்தார்கள் என்று சொல்லுங்கள். பொம்மை, கம்பி, ரப்பர், ஒரு நொடிக்கு 24 படம். பயம் வியப்பாக மாறுவதை நீங்களே பார்க்கலாம். வீட்டில் பெரியவர்கள் யாராவது மந்திரம், சூனியம் காட்டும் படம் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். செய்வினை என்ற சொல்லை உண்மையாகவே பயந்து உச்சரிக்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். இந்த வகையின் பழைய படங்கள் பலவற்றில் பெண் ஒரு பரிசுப் பொருள். கறுத்த நிறம் என்றால் கெட்டவன், கிழக்குத் தேசம் என்றால் சூழ்ச்சி. பார்த்துவிட்டுச் சும்மா கடந்துபோகக் கூடாது. "அந்த இளவரசி ஏன் ஒண்ணுமே செய்யாம நிக்கிறா?" என்று எங்கள் வீட்டில் கேட்ட கேள்வியிலிருந்து அரை மணி நேரப் பேச்சு வந்தது. நல்ல பேச்சு அது.

படி 9: மறுநாள்

படம் முடிந்த உடனே எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். தூங்கவிடுங்கள். மறுநாள், படம் பார்க்காத ஒருவருக்குக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்போது எது தானாக வருகிறதோ அதுதான் படம் உங்களுக்குள் விட்டுப்போனது. மறந்தது போகட்டும்.

அதன்பிறகு பிடித்த சண்டையை மட்டும் இரண்டாம் முறை போடுங்கள், ஒலியை முழுதாகக் குறைத்துவிட்டு. முதல் முறை இசை உங்களை இழுத்துக்கொண்டு போயிருக்கும். இப்போது கால் தெரியும்.

அக்கா மகள் எலும்புக்கூட்டுச் சண்டையை அப்படி மூன்று தடவை பார்த்தாள். மறுநாள் சாயங்காலம் கரையில் ஏற்றிய படகுகளுக்கு நடுவே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கையில் வாளுக்குப் பதில் ஒரு துடுப்பு, அதன் பாரம் தாங்காமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். படகின் நிழலில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"காலை அகட்டி வை தாயி. முன்னங்காலு மடங்கட்டும். இப்ப வீசு."